மஞ்சள் விளக்கு ஏன் எரிகிறது?

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. ஏன்?

எஞ்சினை ஆளும் கணினி, சென்சார்களின் அளவுகளை ஓயாமல் சரிபார்க்கிறது. புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. பெட்ரோல் கார்களில் பொதுவாக முன்னதன் அளவு வேகமாக ஏறி இறங்கும். மாற்றி நன்றாக இருந்தால் பின்னது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின்னதும் அதேபோல ஆடத் தொடங்கினால், மாற்றி தளர்ந்துவிட்டது என்று கணித்து, பி0420 என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கை ஏற்றுகிறது கணினி.

அந்தக் குறியீட்டை நாமே படிக்கலாம். டாஷ்போர்டின் அடியில், ஓட்டுநர் பக்கம், 16 முனை ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் இது கட்டாயம். சிறிய புளூடூத் ரீடரைச் செருகி, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் போனிலேயே குறியீடு தெரியும்.

இங்கேதான் பலர் வீணாகக் காசை இழக்கிறார்கள். குறியீடு சொல்வது அறிகுறியை. மாற்றவேண்டிய பாகத்தை அல்ல. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. விரிசல் விட்ட வேக்குவம் குழாய் காரணமாகலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சாரும் காரணமாகலாம். முதலில் குழாய்களைத் தடவிப் பாருங்கள். குறியீட்டை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பழுது பதிவான கணத்தின் வேகம், சூடு போன்ற விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ரீடரைத் தேட நேரமில்லை. எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய் அதைச் சுட்டெரிக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, பாதுகாப்பாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள்.