நிமிர்ந்துபோன கொழுப்பு

"பிஸ்கட் பொட்டலத்தில் 'டிரான்ஸ் கொழுப்பு 0 கிராம்' என்று போட்டிருக்கிறது. பேரனுக்குத் தினமும் கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும் டால்டாவிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் நிறைய இருப்பது ஒலியிக் அமிலம். 18 கார்பன் நீளச் சங்கிலி. நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி புளியங்காய் மாதிரி வளைந்து நிற்கும். புளியங்காயை எப்படி அடுக்கினாலும் சந்து விழும். அதனால்தான் எண்ணெய் ஓடுகிறது. முருங்கைக்காயோ நேரானது. கட்டுக் கட்டாகக் கட்டிச் சந்தைக்கு ஏற்றலாம். வண்டி குலுங்கினாலும் கட்டு குலையாது. கெட்டிக் கொழுப்பு அந்த ரகம்.

புளியங்காயை முருங்கைக்காயாக்கும் வித்தை இது: எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூள் சேர்த்து, ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். ஓர் அணு வந்து பிணைப்பின் ஒரு முனையில் ஒட்டும். உடனே இரட்டை ஒற்றையாகிவிடும். ஒற்றைப் பிணைப்பு சுழலக்கூடியது. இரண்டாவது அணுவும் வந்தால் வேலை முடிந்தது. அது வராமல், ஒட்டிய அணுவும் கழன்றுபோனால்? இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகும். ஆனால் அதற்குள் சங்கிலி திரும்பி நேராகியிருக்கும். இந்த நேர் வடிவம்தான் டிரான்ஸ். ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை. வடிவம் மட்டும் வேறு. ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியில் உருகும். நிமிர்ந்துபோன அதன் உடன்பிறப்பான எலைடிக் அமிலத்துக்குச் சுமார் 44 டிகிரி வேண்டும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முழுதாக ஹைட்ரஜன் ஏற்றினால் டிரான்ஸ் மிஞ்சாது. ஆனால் கொழுப்பு மெழுகாக இறுகிவிடும், பப்ஸுக்கு ஆகாது. அதனால் பாதியில் நிறுத்தினார்கள்.

வரலாறு இவ்வளவுதான்: 1902இல் ஜெர்மானியர் நார்மன் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார், 1937இல் டால்டா இந்தியச் சமையலறைக்குள் வந்தது, 1990இல் நெதர்லாந்தில் மென்சிங்கும் காத்தானும் டிரான்ஸ் கொழுப்பின் கெடுதலை அளந்து காட்டினார்கள். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸுக்கு 2 சதவீதம் என்ற வரம்பு வந்தது 2022இல்.

சாக்கடைக் குழாயில் மெழுகு உறைவதுபோல டிரான்ஸ் ரத்தக் குழாயில் உறைகிறது என்று சுற்றிவரும் படங்களை நம்பாதீர்கள். இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல்லைக் கூட்டும். டிரான்ஸ் அதையும் கூட்டி, கொலஸ்ட்ராலை அள்ளிக்கொண்டு போகும் எச்டிஎல்லையும் குறைக்கும். இந்த இரட்டை அடிதான் ஆபத்து.

இனி அந்தப் பூஜ்யம். டிரான்ஸை விலக்கிய பல பிஸ்கட்டுகளில் இப்போது பாமாயில். அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. பொட்டலத்தின் சத்துப் பட்டியலில் அந்த வரியையும் பாருங்கள். 'மரச்செக்கு' என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம்: செக்கில் ஆட்டினாலும் தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றதுதான்.

பேரனுக்கு மாலையில் ஒரு கை அவித்த வேர்க்கடலை கொடுங்கள், அம்மா. அதன் கொழுப்பில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். இன்னும் புளியங்காயாக வளைந்தே இருக்கிறது.