சாஸ் புட்டிக்குள் வாழைப்பழம்!

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தால், "சாஸ் எங்கே?" என்று கேட்கிறார்கள். சப்பாத்திக்கும் சாஸ். சில வீடுகளில் தயிர் சாதத்துக்கே சாஸ்! பாவம், அம்மா அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி கிண்ணத்திலேயே கிடக்கிறது.

அந்தச் சிவப்புப் புட்டியில் இருப்பது தக்காளி. இனிப்பும் புளிப்பும் கலந்த ருசி. மேலே ஒட்டிய சீட்டில் "கெச்சப்" என்று போட்டிருக்கும்.

எல்லா நாட்டிலும் கெச்சப் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இந்தோனேசியாவுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். கன்னங்கரேலென்று ஒரு குழம்பைக் கொண்டு வந்து வைப்பார்கள். அதில் ஒரு சொட்டுத் தக்காளி கிடையாது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பல வீடுகளில் இருப்பது சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது தக்காளி அல்ல. வாழைப்பழம்!

முதலில் மீன்

கெச்சப் பிறந்தபோது அதில் தக்காளியே இல்லை. தென்சீனத்து மக்கள் மீனை உப்பில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அதிலிருந்து ஒரு சாறு எடுத்தார்கள். "கே-சியாப்" என்று அதற்குப் பெயர். வியாபாரிகளோடு கப்பலேறி அது மலாய் நாட்டுக்கும் ஜாவாவுக்கும் போயிற்று. அந்தப் பக்கம் வாணிபம் செய்யப் போன இங்கிலீஷ்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் சுவைத்தார்கள். விடுவார்களா?

ஊர் திரும்பியதும், கையில் கிடைத்ததை எல்லாம் வைத்துச் செய்து பார்த்தார்கள். காளானில் செய்தார்கள். அக்ரோட்டுக் காயில் செய்தார்கள். கடல் சிப்பியிலும் செய்தார்கள். காளான் கெச்சப் இங்கிலாந்தில் இன்றும் புட்டியில் விற்கிறது. கறுப்பாக, தண்ணீர் போல இருக்கும்.

அதில் தக்காளி வந்து சேர்ந்தது அமெரிக்காவில். பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஜேம்ஸ் மீஸ் என்பவர் 1812-ல் அதன் செய்முறையை அச்சிட்டார். ஆனால் அந்தக் காலத்துத் தக்காளிக் கெச்சப் சீக்கிரம் கெட்டுப்போனது. உள்ளே நுரைத்துப் பொங்கி, புட்டி வெடித்ததும் உண்டு! கெடாமல் இருக்கப் பலர் ரசாயன மருந்து கலந்தார்கள். அது உடம்புக்கு ஆகுமா, ஆகாதா என்று பெரிய சண்டை நடந்தது.

1876 முதல் கெச்சப் விற்று வந்த ஹைன்ஸ் கம்பெனி, 1906-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வழி கண்டது. நன்றாகப் பழுத்த தக்காளி போடு. காடியை அதிகமாக்கு. சர்க்கரையை அதிகமாக்கு. மருந்து வேண்டாம்! கெடாமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாடுதான், இன்று நம் பிள்ளைகள் விரலை விட்டு நக்கும் ருசி. (ஒரு மேசைக்கரண்டி சாஸில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கிறது. தாய்மார்கள் கவனிக்க!)

அதே கம்பெனி, அதே பெயர். ஆனால் அமெரிக்கப் புட்டியில் இனிப்புக்குச் சோளப்பாகு சேர்க்கிறார்கள். இங்கிலாந்துப் புட்டியில் சர்க்கரை. நம் நாட்டிலோ, வெங்காயமும் பூண்டும் சேராத சாஸ் என்று தனியாகவே விற்கிறது. ஜைனர்கள் போன்று அவற்றைத் தொடாதவர்களுக்காக!

கறுப்பு கெச்சப்

இந்தோனேசியாவின் கறுப்புக் குழம்புக்குக் "கெச்சாப்" என்று பெயர். சோயா மொச்சையை வேகவைத்து, பூஞ்சை பிடிக்க விட்டு, உப்புத் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். வடிகட்டிய சாற்றில் பனை, தென்னை போன்ற மரங்களின் வெல்லத்தைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். வெல்லப்பாகு போலக் கெட்டியாகி விடும். பொரித்த சோற்றுக்கும், கம்பியில் சுட்ட இறைச்சிக்கும் அதுதான்.

அங்கே ஒரு வேடிக்கை. கெச்சாப் புட்டிகளில் எல்லாம் "நம்பர் 1" என்று போட்டுக்கொள்வார்களாம். "நம்பர் 2 கெச்சாப் கிடையாது" என்று ஜனங்கள் கேலி பேசுவார்கள். தற்பெருமைக்காரனைக் கண்டாலும் இதே பேச்சுத்தான்!

ஜெர்மனியில் கெச்சப்போடு சேர்ந்துகொண்டது கறிப்பொடி. "கறி" நம் தமிழ்ச் சொல் அல்லவா? யுத்தத்தில் இடிந்து கிடந்த பெர்லின் நகரத்தில், 1949-ல், ஹெர்ட்டா ஹொய்வர் என்ற கடைக்காரப் பெண்மணி தக்காளிச் சாற்றில் கறிப்பொடியைக் கலந்து, வறுத்த இறைச்சித் துண்டுகள் மேல் ஊற்றி விற்றார். கூட்டம் கூடியது. இன்று அங்கே கறி கெச்சப் புட்டியிலேயே வருகிறது.

கப்பல் வரவில்லை

இனி வாழைப்பழத்துக்கு வருவோம்.

பிலிப்பைன்ஸ் 1898 முதல் அமெரிக்கர் ஆட்சியில் இருந்தது. அவர்களோடு தக்காளிக் கெச்சப்பும் வந்தது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் புட்டி கப்பலில் அல்லவா வரவேண்டும்?

அந்த நாட்டில் மரியா ஓரோசா என்று ஒரு பெண்மணி. 1916-ல் அமெரிக்கா போய், சியாட்டில் நகரத்துச் சர்வகலாசாலையில் ரசாயனம் படித்தவர். விடுமுறையில் அலாஸ்காவின் மீன் டப்பாத் தொழிற்சாலைகளில் வேலை செய்தார். 1922-ல் தாய்நாடு திரும்பினார். நம் மண்ணில் விளைவதை நாமே பக்குவம் செய்து சாப்பிட வேண்டும் என்பது அவர் எண்ணம். மின்சாரம் இல்லாத கிராமத்துப் பெண்களும் ரொட்டி சுடுவதற்கு, மண்பானையைக் கொண்டே ஓர் அடுப்பு செய்து கொடுத்தார்.

அவர்தான் வாழைப்பழத்தில் கெச்சப் செய்தவர். நம் மொந்தன் போன்ற சமையல் வாழையை மசித்தார். சர்க்கரை, காடி, மசாலா சேர்த்தார். ருசி வந்துவிட்டது. நிறம்தான் வரவில்லை. பழுப்பாக இருந்தது! ஆகவே சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கம் வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் பட்டாளம் வந்து இறங்கியது. தக்காளிக் கெச்சப்புக்குப் பஞ்சம் வந்தது. வாழைக்குப் பஞ்சம் உண்டா? 1942-ல் மக்தாலோ பிரான்சிஸ்கோ என்பவர் வாழைப்பழக் கெச்சப்பைப் பெரிய அளவில் தயாரித்து விற்கத் தொடங்கினார்.

ஓரோசா அம்மையாருக்கோ அப்போது வேறு வேலை. ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாப் படையில் அவர் ஒரு காப்டன்! மணிலாவில் ஒரு பெரிய சர்வகலாசாலையையே ஜப்பானியர் சிறைமுகாம் ஆக்கியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பட்டினியால் எலும்பும் தோலுமாகிக் கொண்டிருந்தார்கள். சோயா மொச்சையில் அவர் தயாரித்த சத்து மாவு, மூங்கில் குழாய்களுக்குள் ஒளிந்து முகாமுக்குள் போனது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம்.

1945 பிப்ரவரியில் மணிலாவை மீட்கச் சண்டை மூண்டது. "ஊருக்கு வந்துவிடு" என்று குடும்பத்தார் அழைத்தார்கள். அம்மையார் வேலையை விட்டுப் போகவில்லை. 13-ந் தேதி அமெரிக்கப் பீரங்கிகள் சுட்டதில் அவர் காயமடைந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரி மேலும் குண்டு விழுந்தது. அங்கேயே உயிர் பிரிந்தது.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர் பெயர் பொறித்த கல்லறைக் கல் 2020-ல்தான் அங்கே கண்டெடுக்கப்பட்டது.

மணிலாவில் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால், இலையில் கேசரி வைப்பதுபோல, ஸ்பாகெட்டி என்ற நீளச் சேமியா தட்டில் இருக்கும். இத்தாலிக்காரர் அதைத் தக்காளிப் புளிப்போடு செய்வார். பிலிப்பைன்ஸ் தாய்மார்கள் வாழைப்பழக் கெச்சப்பை ஊற்றித் தித்திப்பாகக் கிளறுகிறார்கள்.