நீராவி போன தடம் – 7: புளி போடாதீர்கள்

போன வாரம் லோக்கோ ஷெட்டைப் பற்றி எழுதியதும் கிள்ளானிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பினார். தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த வால்வாம். தாத்தா பிரிக்பீல்ட்ஸ் ஷெட்டில் ரயில் பயர்மேனாக வேலை பார்த்தவர். ரயில் எஞ்சினிலிருந்து கழற்றியது என்பது வீட்டில் வழங்கும் கதை. இணையத்தில் தேடினால் 'பழைய ரேடியேட்டர் வால்வு' என்கிறதாம். "ஐயா, நம்ம ஊர் வெயிலுக்கு ரேடியேட்டர் எதுக்கு?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. நியூயார்க், சிகாகோ போன்ற குளிர் ஊர்களில் கட்டடத்தின் அடியில் பாய்லர் இருக்கும். ஆவி குழாயில் ஏறி அறையிலுள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டரைச் சூடாக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுகூட இருக்காது. அந்த வால்வு பெரும்பாலும் முழங்கை போல வளைந்திருக்கும். ஒரு முனையில் கழற்றி மாட்ட வசதியாகப் பெரிய யூனியன் நட். வீட்டுக்காரர் கை சுடாமல் திருக மரக் கைப்பிடி. ஒற்றைக் குழாய் முறையில் ஆவி ஏறுவதும் குளிர்ந்த நீர் இறங்குவதும் ஒரே வழி. வால்வைப் பாதி திறந்து வைத்தால் நீர் தேங்கி, இரவெல்லாம் குழாய் டமார் டமார் என்று அடிக்கும்.

இங்கே ஆவிக்கு வேறு வேலை. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்து புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் இழுத்தது. செம்பனை ஆலைகளில் இன்றும் குலைகளை வேகவைக்கிறது: சுமார் 40 பவுண்டு அழுத்தம், 140 டிகிரி. அந்தச் சூட்டில்தான் எண்ணெயைக் கெடுக்கும் நொதி சாகும், பழமும் குலையை விட்டு உதிரும்.

படத்துக்கு வருவோம். இரு முனையும் நேர். சக்கரம் இரும்பு. ரேடியேட்டர் வால்விலும் நேரானவை உண்டு என்றாலும், உடலில் '150' என்று வார்த்திருப்பது வீட்டு வால்வுக்குத் தேவையில்லாத எண். பொதுவாக அது தாங்கக்கூடிய ஆவி அழுத்தம். சக்கரத்தில் இருக்கும் பெயரை நான் நம்புவதில்லை. சக்கரம் உடைந்தால் கிடைத்ததை மாட்டுவார்கள். உடலில் உள்ள எழுத்தும், ஆவி போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியும்தான் சாட்சி.

அடுத்தது, எந்த நாட்டு வால்வு என்று காட்டும் மரை. கடைசல் பட்டறையில் அளந்து பார்க்கச் சொன்னேன். ஓர் அங்குலக் குழாய் என்றால் பிரிட்டிஷ் மரை அங்குலத்துக்கு 11, அமெரிக்க மரை 11½. அரை மரையை எண்ணுவது கஷ்டம். இரண்டு அங்குல நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 22-க்கும் 23-க்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். அரை அங்குலக் குழாயில் இந்த வித்தை பலிக்காது, இரண்டுக்குமே 14. அங்கே மரையின் கோணத்தைப் பார்க்க வேண்டும்: பிரிட்டிஷ் 55 டிகிரி, அமெரிக்கம் 60. வாசகியின் வால்வு ஓர் அங்குலம். பட்டறைக்காரர் சொன்ன கணக்கு 11.

ஆக, பிரிட்டிஷ் மரை. அமெரிக்க ரேடியேட்டர் வால்வு அல்ல. ஆனால் பெரிய லோக்கோ பாய்லர்களின் அழுத்தம் 200 பவுண்டுக்கும் மேல். 150 போட்ட வால்வை அதில் மாட்டியிருக்க மாட்டார்கள். ஷெட்டிலோ ஏதாவது ஆலையிலோ தாழ்ந்த அழுத்தக் குழாயில் இருந்திருக்கலாம். தாத்தா கதையில் பாதி தேறும் என்று எழுதினேன். கோபம் வந்ததோ என்னவோ, பதில் வர இரண்டு நாளானது.

வால்வு கன்மெட்டல். செம்போடு பத்தில் ஒரு பங்குபோல வெள்ளீயம் சேர்த்த உலோகம். நம் ஈயக் குட்டைகளிலிருந்து கப்பலேறிய வெள்ளீயமே வால்வாகத் திரும்பி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

தாத்தா வேலை பார்த்த பிரிக்பீல்ட்ஸ் ஷெட்டையும் ரயில் யார்டையும் இனிப் பார்க்க முடியாது. அங்கேதான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தார்கள்.

இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் கிடந்தால், தண்டைச் சுற்றியுள்ள பழைய கயிற்றைச் சுரண்டாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், தூள் நுரையீரலுக்கு ஆகாது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், மங்கிய எழுத்து இன்னும் மங்கும். முதலில் எழுத்தும் மரையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.