மூன்று சில்லுக் காரும் அதைச் சுமக்கும் வண்டியும்

மாட்டு வண்டியிற் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டு சொற்களை நன்கு அறிவர். மூட்டைகள் பின்புறம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்புறம் மிகுந்தால் கழுத்தை அழுத்தி மாட்டைத் தள்ளாடச் செய்யும். ஆகையால் அனுபவமுள்ள வண்டிக்காரன், புறப்படுமுன் நுகத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னே நகர்த்துவான், அல்லது பின்னே தள்ளுவான். எளிய இந்த அறிவு, இன்று பிரித்தானியாவில் முற்றிலும் வேறான ஒரு வேலைக்குப் பயன்படுகிறது. அது, பழைய மூன்று சில்லுக் கார்களை ட்ரெயிலர் எனப்படும் இழுவை வண்டியில் ஏற்றி ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லும் வேலையாகும்.

மூன்று சில்லுகளில் ஓடும் கார் பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐரோப்பிய மக்களிடம் பணமும் குறைவு, பெற்றோலும் குறைவு. 1949 ஆம் ஆண்டில் லங்காஷயர்ப் பகுதியிலுள்ள பிரெஸ்டன் நகரில் ‘பொண்ட் மினிகார்’ உருவாயிற்று. அதன் முன்புறம் ஒற்றைச் சில்லு. இயந்திரமும் அந்தச் சில்லோடே இணைந்திருந்தது. ஜேர்மனியில் பிரிட்ஸ் பெண்ட் என்ற பொறியியலாளர் வகுத்த சிறுகாரை, 1953 முதல் விமானங்களுக்குப் பேர்பெற்ற மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனம் செய்து விற்றது. 1955 இல் வந்த அதன் ‘கே.ஆர். 200’ வகையில் இருவர் ஒருவர் பின் ஒருவராய், கண்ணாடி போன்ற ஒரு கூண்டுக்குள் அமர்வர். அதன் எடை ஏறத்தாழ 230 கிலோகிராம் மாத்திரமே. இத்தாலியிற் பிறந்து ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ‘இசெட்டா’, 1957 முதல் இங்கிலாந்தின் பிரைற்றன் நகரிலும் செய்யப்பட்டது. பின்னால் ஒற்றைச் சில்லு பூண்ட வகை அங்கிருந்தே வெளிவந்தது. டாம்வேர்த் நகரின் ‘ரிலையன்ற்’ நிறுவனம் 1950 களில் ‘ரீகல்’ காரையும், 1973 இல் ‘ரொபின்’ காரையும் வெளியிட்டது.

பிரித்தானியாவில் இக்கார்கள் பரவியதற்குச் சட்டமும் ஒரு காரணம். மூன்று சில்லுகள் உடையதாய், 8 அந்தர், அதாவது சுமார் 406 கிலோகிராம், எடைக்கு உட்பட்டதாய் இருந்த வண்டியை அக்காலச் சட்டம் மோட்டார் சைக்கிளோடு சேர்த்து எண்ணியது. வரி குறைவு, மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரமே ஓட்டுவதற்குப் போதும். மழையிலும் பனியிலும் மனைவி மக்களைப் பக்கப்பெட்டியில் ஏற்றித் திரிந்த தொழிலாளிக்கு, கூரையுள்ள ஒரு வண்டி கைக்கெட்டிய செல்வமாயிற்று. 1956 இல் சூயஸ் நெருக்கடி மூண்டு பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது, இவற்றின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. ஆனால் 1959 இல் நான்கு சில்லுகளுடன் ‘மினி’ கார் மலிவு விலையில் வந்தபின், சிறு கார்களுள் பல மெல்ல மறைந்தன.

எஞ்சியவை இன்று அறுபது, எழுபது வயதை எட்டிவிட்டன. தந்தை ஓட்டிய காரை மகன் காக்கிறான். பாட்டனார் வாங்கியதைப் பேரன் துடைத்து வைக்கிறான். ஆண்டுக்குச் சில முறை கூடும் பழைய கார்க் கண்காட்சிகளுக்கு அவற்றைக் கொண்டுபோக வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் தூரத்தை 191 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தால் ஓட்டிக் கடப்பது, கிழ மாட்டை மலையேற்றுவதற்கு ஒப்பாகும். மான் தீவிற் செய்யப்பட்ட ‘பீல் பி 50’ காரின் இயந்திரமோ 49 கன சென்ரிமீற்றர் அளவினது. அதிவேகப் பெருஞ்சாலையில் நுழையவே அதற்கு அனுமதியில்லை. ஆகவே, ஓடப் பிறந்த கார் மற்றொரு வண்டியின் முதுகில் ஏறிச் செல்லும் நிலை உண்டாகிறது.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. கடைகளில் விற்கப்படும் கார் ட்ரெயிலர்கள் பல, நான்கு சில்லுக் காரை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. இடப்பக்கம் ஒரு தடம், வலப்பக்கம் ஒரு தடம். நடுவே வெறும் இடைவெளி. மூன்று சில்லுக் காரின் இரண்டு சில்லுகள் அத்தடங்களில் அழகாக ஏறும். மூன்றாவது சில்லு அந்தரத்தில் நிற்கும். மேலும் அவை ஓரிரண்டு தொன் எடையைத் தாங்கும் வலிமை கொண்டவை. அத்தகைய வண்டியின் விறைப்பான வில்லுகள் 230 கிலோகிராம் பாரத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை. வீதியின் ஒவ்வொரு குழியும் அப்படியே மேலே இருக்கும் மெல்லிய காரை உலுக்கிவிடும். ஆகையால் இக்கார்களை வைத்திருப்போரிற் பலர், இலேசான ஒரு ட்ரெயிலரை வாங்கித் திருத்துகின்றனர், அல்லது தாமே அமைத்துக்கொள்கின்றனர்.

முதலிற் போடவேண்டியது எடைக் கணக்கு. பிரித்தானியச் சட்டப்படி, பிரேக் இல்லாத ட்ரெயிலரும் அதன் பாரமும் சேர்ந்து 750 கிலோகிராமைத் தாண்டலாகாது; இழுக்கும் காரின் வெற்றெடையிற் பாதியையும் தாண்டலாகாது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. 400 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை 250 கிலோகிராம் எடையுள்ள ட்ரெயிலரில் ஏற்றினால் மொத்தம் 650. அதை இழுக்கும் கார் 1,300 கிலோகிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். எல்லையைத் தாண்டினால், பாரம் முன்னோக்கி உந்தும்போது தானே அழுந்தும் பிரேக் பொருத்திய ட்ரெயிலர் தேவை. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிறிய ட்ரெயிலரில் பிரேக் கட்டாயமில்லை. ஆனால் பிரேக் பொருத்தப்பட்டிருந்தால் அது ஒழுங்காக வேலை செய்தே ஆகவேண்டும்.

அடுத்தது அடிச்சட்டம். பழைய தங்கு வண்டிகளின், அதாவது கரவன்களின், மேற்கூட்டை நீக்கிவிட்டு அடிச்சட்டத்தைப் பயன்படுத்துவது பலரும் கைக்கொள்ளும் வழி. அதில் அச்சும் சில்லும் கொளுவியும் ஆயத்தமாக இருப்பதால் செலவு குறையும். எனினும் இங்கே ஒரு பொறி உண்டு. பிற்காலக் கரவன்களின் சட்டங்கள் எடை குறைப்பதற்காக மெல்லிய தகட்டால் ஆனவை. மேலேயுள்ள தரையும் கூடும் சேர்ந்தே அவற்றுக்கு உறுதி தருகின்றன. கூட்டை எடுத்துவிட்டாற் சட்டம் முறுக்கிக்கொள்ளும். குறுக்குச் சட்டங்கள் சேர்த்து மீண்டும் உறுதிப்படுத்தாமல் அதன்மேற் பாரம் வைப்பது அறிவன்று. துருவேறிய சட்டத்தை வண்ணம் பூசி மறைப்பது அதனினும் கேடு. அச்சு தாங்கக்கூடிய எடையும் கவனிக்கத்தக்கது: தேவைக்குக் குறைந்தால் ஆபத்து, மிக அதிகமானாற் குலுக்கல்.

மூன்றாவது சில்லுக்கு இடம் அமைக்க இரண்டு வழிகள் உள. முதல் வழி, இரு தடங்களுக்கும் நடுவே மூன்றாவது தடம் ஒன்றைப் பொருத்துவது. இரண்டாவது, முழுவதையும் பலகையால் மூடித் தட்டையாக்குவது. தட்டையான தளத்தில் எந்தக் காரையும் ஏற்றலாம்; நடந்து சென்று கட்டவும் எளிது. ஆனால் நீர் புகாத தடித்த ஒட்டுப்பலகை பாரமானது. அதன் எடையையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். எவ்வழியாயினும், ஒற்றைச் சில்லு நிற்கும் இடத்தின் நேர் கீழே குறுக்குச் சட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். ரிலையன்ற் போன்ற கார்களில் முன் இயந்திரத்தின் பெரும் பாரத்தை அந்த ஒரே சில்லு தாங்குகிறது. இசெட்டா, மெஸ்ஸர்ஷ்மிட் போன்றவற்றில் இயந்திரம் பின்னே இருப்பதால், பின் ஒற்றைச் சில்லின்மேற் பாரம் மிகுகிறது. இரண்டு சில்லுகள் பகிரவேண்டிய சுமையை ஒன்றே தாங்கும் இடம் அது. பலகை உடைந்தால் அங்கேதான் உடையும்.

ஏற்றும் சாய்பலகைகளும் மூன்றாக இருத்தல் அவசியம். தளம் 45 சென்ரிமீற்றர் உயரமும் சாய்பலகை 180 சென்ரிமீற்றர் நீளமும் உடையதானால், சரிவு நான்குக்கு ஒன்று. 400 கிலோகிராம் காரை அதில் ஏற்ற, உராய்வை விட்டாலும், 100 கிலோகிராம் அளவு இழுவை வேண்டும். இருவர் தள்ளி ஏற்றுவதிலும், கையாற் சுழற்றும் வின்ச் ஒன்றினால் மெல்ல இழுப்பது பாதுகாப்பானது. பீல் காரின் கதை வேறு: 59 கிலோகிராம் எடையும் பின்னாற் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடியும் உடைய அதற்கு, இரண்டு மனிதரே வின்ச் ஆவர்.

ஏற்றும் வேளையிற் பின்பாரம் தன் குணத்தைக் காட்டும். கார் சாய்பலகையைக் கடந்து தளத்தின் வாலில் ஏறும் கணத்தில், பாரம் முழுவதும் அச்சுக்குப் பின்னால் நிற்கிறது. ட்ரெயிலர் தனியே நின்றால் அதன் மூக்கு வானைப் பார்க்கும். ஆகையால் இழுக்கும் காரோடு அதனைப் பூட்டி, வாலின் கீழ் முட்டுக் கொடுத்த பின்னரே ஏற்றுதல் வேண்டும். இசெட்டாவைப் பொறுத்தவரை மற்றொரு விந்தை உண்டு. அதன் ஒரே கதவு முகத்தில் இருக்கிறது. முகத்தை முன்னே வைத்து, வின்ச் தூண் வரை ஓட்டிச் சென்றவர் கதவைத் திறந்து இறங்க முடியாமல் உள்ளேயே சிறைப்படுவார்!

எல்லாவற்றிலும் முக்கியமானது, கார் தளத்தின்மேல் எங்கே நிற்கவேண்டும் என்பது. கொளுவியின்மேல் ட்ரெயிலரின் மூக்கு அழுத்தும் பாரம், மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை இருத்தல் நன்று என்பது அனுபவத்தால் வந்த அளவு. இழுக்கும் காருக்கு அதனைச் செய்தவர் விதித்த எல்லையையும் இது மீறலாகாது. மேற்கூறிய 650 கிலோகிராமுக்கு இது ஏறத்தாழ 33 முதல் 45 கிலோகிராம். கொளுவிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீற்றர் தூரம் என வைத்துக்கொண்டால், 40 கிலோகிராம் முன்பாரத்துக்கு, முழுப் பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு முன்னே 18 சென்ரிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். அது ஒரு சாணுக்கும் குறைவு. இதே கணக்கில், மேலேயுள்ள கார் 30 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஓர் அடி, பின்னே நகர்ந்தால் மூக்கின் பாரம் முழுவதும் மறைந்துவிடும்.

அதன் விளைவு யாது? முன்பாரம் குன்றிய ட்ரெயிலரை ஒரு பெரிய லொறி கடந்து செல்லும்போது, அந்தக் காற்று அதன் வாலைச் சற்றே தள்ளுகிறது. வால் ஒருபுறம் போக, மூக்கு இழுக்கும் காரின் பின்புறத்தை மறுபுறம் தள்ளுகிறது. அடுத்த ஆட்டம் முன்னதிலும் பெரிதாகிறது. சாரதி விழிப்பதற்குள் இரண்டு வண்டிகளும் பாம்பைப்போல நெளிகின்றன. வேகம் கூடக் கூட இந்த ஆட்டம் அடங்குவது அரிது. பதறிப்போய்ச் சுக்கானைத் திருப்புவதும் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் நிலைமையை மோசமாக்கும். முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விடுவதே தப்பும் வழி. பாதுகாத்த காரும், அதைப் பாதுகாத்தவரும், எதிரே வரும் அறியாத குடும்பமும் அந்த ஓர் அடியை நம்பியே செல்கின்றனர்.

இதனை அளந்தறிவதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. காரை ஏற்றி, ட்ரெயிலரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசைக் கொளுவியின் கீழ் வைத்து, இடையே அளவான மரத்துண்டு ஒன்றை நிறுத்தினால் போதும். முள் காட்டுவதே முன்பாரம். குறைந்தாற் காரை முன்னே நகர்த்தவேண்டும். மிகுந்தாற் பின்னே நகர்த்தவேண்டும். சரியான இடம் கிடைத்தவுடன், சில்லு மீண்டும் அதே இடத்தில் நிற்கும்படி தளத்தில் ஒரு தடுப்புக் கட்டையை ஆணியால் அன்றித் திருகாணியால் இறுக்கிவிடுவர். அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் அளக்கும் தொல்லை இல்லை.

அந்த இடத்திலிருந்து அசையாமற் கட்டுவது இறுதி வேலை. ரிலையன்றின் ரொபினும் பீல் காரும் கண்ணாடி நாரிழை உடல் கொண்டவை. உடலின் மேலாகப் பட்டியைப் போட்டு இறுக்கினால் வெடிக்கும். காரின் சட்டத்தைக் கட்டினால், வில்லுகள் குலுங்கும்போது பட்டி தளர இடமுண்டு. சில்லுகளின் மேலாகவே பட்டியைச் சுற்றித் தளத்தோடு இறுக்குவது நன்று. அப்போது காரின் வில்லுகள் தம் வேலையைச் செய்யும், பட்டி தளராது. முதற் சில மைல்களுக்குப் பின் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். மெஸ்ஸர்ஷ்மிட்டின் பக்கவாட்டில் திறக்கும் கூண்டையும் தனியே கட்டவேண்டும். இல்லையேல் காற்று அதைத் திறந்துவிடும்.

விளக்குகள், பின்புறச் செம்முக்கோணப் பிரதிபலிப்பான்கள், இழுக்கும் காரின் இலக்கத்தகடு, கொளுவி விட்டாலும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் துணைச் சங்கிலி ஆகியவற்றைச் சட்டம் கேட்கிறது. ஒற்றைப் பாதைகளில் மணிக்கு 50 மைல், பெருஞ்சாலைகளில் 60 மைல் என்பது அதிகபட்ச வேகம். மூக்குத் தண்டைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்பொட்டு வேலையை மட்டும் கைதேர்ந்தவரிடம் விடுவதே முறை. முழுச் சுமையையும் இழுப்பது அந்த ஓர் ஒட்டுத்தான்.

கணக்கும் இரும்பும் பலகையும் எவ்வளவு கூடினாலும், புறப்படுமுன் ஒருவர் செய்யவேண்டிய கடைசிச் செயல் பழைய வண்டிக்காரன் செய்ததே. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்து, மூக்கின் பாரத்தைக் கையால் உணர்ந்துகொள்ள வேண்டும். மாடு போய் மோட்டார் வந்தது. மூட்டை போய் மூன்று சில்லுக் கார் வந்தது. முன்பாரத்தையும் பின்பாரத்தையும் அறிந்தவனே இன்றும் வீடு வந்து சேருகிறான்.