ஓய்வூதியப் பணத்துக்கு எத்தனை காவல்?

மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்காக, முப்படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம் (என்பிஎஸ்) கொண்டுவரப்பட்டது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் பங்கு 10 சதவீதம். 2019 ஏப்ரல் முதல் அரசின் பங்கு 14 சதவீதம்.

இந்தப் பணம் முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் விடாததுதான் நிர்வாக அமைப்பின் அடிப்படை. மாதச் சம்பளத்தில் பிடித்த தொகை முதலில் அறங்காவல் வங்கிக்குப் போகிறது. பதிவேட்டு முகமை அதை ஊழியரின் 12 இலக்க ‘பிரான்’ எண்ணில் வரவு வைக்கிறது. முதலீட்டை முடிவு செய்வது நிதி மேலாளர். வேறு தேர்வு செய்யாதவரின் பணம் எஸ்பிஐ, எல்ஐசி, யுடிஐ குழும நிறுவனங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வாங்கிய பங்குகளும் பத்திரங்களும் அவர்களிடம் இருப்பதில்லை. காப்பாளர் நிறுவனம் தனியே வைத்திருக்கிறது. சந்தாதாரர் சார்பில் சொத்துக்குப் பொறுப்பு, 2008-ல் அமைந்த என்பிஎஸ் அறக்கட்டளை.

எல்லாருக்கும் மேலே ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசு நியமிக்கும் தலைவரும் அதிகபட்சம் 6 உறுப்பினர்களும் இதை நடத்துகிறார்கள். எதில் எவ்வளவு முதலீடு செய்யலாம் என்று வரம்பு கட்டுவதும், விதி மீறினால் அபராதம் விதிப்பதும் இதன் வேலை. ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துப் பங்குப் பரிவர்த்தனை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆணையத்தின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்ய, அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது.

இத்தனை காவலும் முறைகேட்டுக்குத்தான் தடை. சந்தைச் சரிவுக்கு அல்ல.