வீட்டருகே பெரிய மரம்

கொல்கத்தா நகரின் தெற்கே பாலிகஞ்ச் இருக்கிறது. வீடுகள் நெருங்கிய பகுதி. தெருவோரம் பழைய மரங்கள் நிற்கும். அருகில் உள்ள லேக் மார்க்கெட்டில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் வீசியது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வீடுகள் மேலும் மின்கம்பிகள் மேலும் விழுந்தன. மரம் விழுந்தும் மின்சாரம் தாக்கியும் மேற்கு வங்கத்தில் பலர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து, மரங்களை அகற்ற ராணுவ வீரர்கள் பாலிகஞ்சுக்கும் வந்தார்கள்.

மரம் ஏன் சாய்கிறது?

மரத்தைத் தாங்குவது வேர். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் போட்டால் வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்காது. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினால் வேர் அறுபடும். பிடிப்பு இல்லாத மரம் புயலில் சாய்ந்துவிடும்.

அடிமரத்தில் பொந்து இருக்கிறதா? அடியில் காளான் முளைக்கிறதா? ஒரு பக்கம் மண் வெடித்திருக்கிறதா? மரம் புதிதாகச் சாய்கிறதா? இவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ சொல்லுங்கள். சில மரங்களுக்குக் கிளையைக் கழித்தாலே போதும். மேற்கு வங்கத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும்.

கிரேன் எப்படி உதவுகிறது?

வெட்டவெளியில் மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்கலாம். வீட்டருகே அப்படிச் செய்ய முடியாது. மேலிருந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டும். முதலில் கிளையில் பட்டையைக் கட்டிக் கிரேனில் மாட்டுவார்கள். கிரேன் கிளையைத் தாங்கிக்கொள்ளும். பிறகுதான் வெட்டுவார்கள். வெட்டிய கிளை கூரைமேல் விழாது. கிரேன் அதைத் தூக்கித் தெருவில் இறக்கும்.

பச்சை மரம் மிகவும் கனமானது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டர் உள்ள கட்டை ஏறக்குறைய 1 டன் இருக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமப்பது எளிது. கையை நீட்டிப் பிடித்தால் தாங்க முடியுமா? கிரேனும் அப்படித்தான். கை நீள நீள அது தூக்கும் எடை குறையும். அதிக எடை ஏற்றினால் கிரேனே கவிழும். அதன் கால்கள் கெட்டியான தரையில் ஊன்ற வேண்டும். சாக்கடை மூடி மேல் ஊன்றக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

மரம் மின்கம்பியில் பட்டிருந்தால் கிட்டே போகாதீர்கள். ஈர மரத்திலும் மின்சாரம் பாயும். மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

விழுந்த மரத்தில் வளைந்திருக்கும் கிளை வில்லைப் போன்றது. வெட்டியதும் விசையோடு அடிக்கும். பழகாதவர்கள் அரிவாளை எடுக்க வேண்டாம்.

வேலை நடக்கும்போது வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். தொங்கும் கட்டையின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

மரம் ஏறுபவர் கூலிக்கு வருபவர். அவருக்கும் குடும்பம் உண்டு. தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் இல்லாமல் அவரை ஏறச் சொல்லாதீர்கள். நீங்களே அந்தத் தொழிலாளி என்றால், அவற்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரு மரத்தை எடுத்தால் வேறு மரம் நடுங்கள். வீட்டுச் சுவரையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி நடுங்கள். வேர் பரவ மண்ணை விட்டு வையுங்கள்.