கினபாலு மலைக்காடு: அதைக் காணும் முறை

வனவிலங்குக் காப்பகம் ஒன்றைப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் விலங்குகளைப் பார்க்கவே செல்கின்றனர். யானைக்கூட்டம் வழியில் குறுக்கிடும், புலியின் உறுமல் தொலைவில் கேட்கும், ஒராங் ஊத்தான் கிளைவிட்டுக் கிளை தாவும் என்று எண்ணிக்கொண்டே புறப்படுகின்றனர். ஆப்பிரிக்கப் புல்வெளிகளைத் திரைப்படங்களில் கண்டு பழகிய கண்கள் வேறு எதனை எதிர்பார்க்கும்? வெப்பமண்டல மலைக்காட்டிலோ, காலை முதல் மாலை வரை நடந்தும் இரண்டோர் அணில்களும் சில சிறு பறவைகளும் கண்ணிற்பட்டால் அதுவே பெரிது. "ஒன்றுமே இல்லை" என்று கூறித் திரும்புவோர் பலர். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு இந்த ஏமாற்றம் இரு மடங்காகும். பிள்ளைகளின் வாடிய முகத்தையும் அல்லவா அவர் பார்க்க வேண்டியிருக்கிறது!

இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் உச்சியைத் தொடுவதையே குறியாகக் கொண்டவர்கள். சபா மாநிலத்தின் கினபாலு மலைக்கு ஆண்டுதோறும் வரும் மலையேறிகளில் பெரும்பாலோர் இவ்வகையினரே. முதல் நாள் ஏறி, மலைமேல் விடுதியில் உறங்கி, மறுநாள் விடியுமுன் உச்சியை அடைந்து, அன்று மாலைக்குள் அடிவாரம் வந்துவிடுகின்றனர். 4,095 மீட்டர் உயரத்தில் எடுத்த நிழற்படம் கைக்குக் கிடைக்கிறது. அதற்குக் கீழே இருந்த காடு முழுவதும் படிக்கட்டுகளாகவே அவர்களுக்கு முடிந்துபோகிறது.

இவ்விரு சாராரும் தவறவிடுவது ஒன்றே. மலைக்காட்டில் காணத்தக்க பெருங்காட்சி, உயரத்திற்கேற்பக் காடு மாறிக்கொண்டே போகும் அந்த மாற்றம்தான். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. கடலோரத்தில் புழுங்கும் ஒருவன், கினபாலுவின் உச்சியில் இரவு நேரத்தில் நீர் உறையக்கூடிய குளிரை அடைகிறான். நிலநடுக்கோட்டிலிருந்து வடதுருவத்தை நோக்கிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்தால் காணக்கூடிய வெப்பநிலை மாற்றத்தை இம்மலை இரண்டு நாள் நடையில் அடக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு பறவையும் தனக்கு ஏற்ற ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு அதிலே வாழ்கிறது. 754 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள இப்பூங்காவில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருப்பதாகக் கணக்கிடப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

அடித்தட்டு, ஏறக்குறைய 1,200 மீட்டர் வரை உள்ள தாழ்நிலக் காடு. மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் இங்கே ஓங்கி நிற்கின்றன. பழங்கள் மிகுதியாகக் கிடைப்பதால் பெரிய விலங்குகளுக்கு உகந்த இடமும் இதுவே. பூங்காவில் எஞ்சியுள்ள சில ஒராங் ஊத்தான்கள் வாழ்வதும் இத்தட்டை ஒட்டிய காடுகளில்தான். (புலியைத் தேடுவோர் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது: போர்னியோத் தீவில் புலியே கிடையாது.)

அதற்கு மேலே, யாரும் எதிர்பாராத மரம் ஒன்று தலைகாட்டுகிறது. ஐரோப்பியக் கதைகளிலும் பாடல்களிலும் மட்டுமே நம் மாணவர் கேள்விப்பட்டிருக்கும் ஓக் மரந்தான் அது. குளிர்நாட்டு மரம் என்று நாம் நினைக்கும் அதன் உறவினங்கள் பல இம்மலையில் காடாகவே வளர்ந்திருக்கின்றன. கிண்ணத்தில் அமர்த்தினாற்போன்ற அதன் கொட்டைகள் பாதையோரத்தில் உதிர்ந்து கிடக்கும். மாணவர் அதனைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். பூங்காத் தலைமையகம் அமைந்திருப்பது இத்தட்டில்தான். உயரம் ஏறத்தாழ 1,560 மீட்டர். உச்சிக்கு ஏறும் எண்ணம் இல்லாதவர்கள் இங்கேயே இரண்டு நாள் தங்கி, சுற்றுப்பாதைகளில் மெல்ல நடந்தாலே போதும். அவ்வாறு நடப்பவர்களே மிகுதியாகக் காண்கிறார்கள் என்பது உண்மை.

பறவை விரும்பிகளுக்கு இது புகழ்பெற்ற இடம். ஜான் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயர் 1888இல் இம்மலையின் மிக உயர்ந்த முனையை அடைந்தார். அவர் பெயரைத் தாங்கிய பறவைகள் மூன்று இங்குண்டு. அவற்றுள் ஒன்று இலைப்பச்சை நிறத்தது. அசையாமல் அமர்ந்திருக்கையில் மரத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும். மற்றொன்று செந்நிற மார்பும் தலையும் உடையது. மூன்றையும் கண்டுவிட வேண்டும் என்றே கடல் கடந்து வருவோர் உண்டு. அந்த முனைக்கோ அவர் பெயர் அமையவில்லை. 1851இலேயே மலையின் மேற்பரப்பை அடைந்தும், மிக உயர்ந்த முனையில் கால் வைக்காத ஹியூ லோவின் பெயரே அதற்கு வழங்குகிறது.

2,000 மீட்டரைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகின்றன. கிளைகள் முறுக்கேறுகின்றன. அடிமரம், கொப்பு, இலை எதையும் விடாமல் பாசி போர்த்துக்கொள்கிறது. இதனை முகிற்காடு எனலாம். கடற்காற்று மலைமீது மோதி மேலெழும்பும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் உள்ள ஈரம் முகிலாகத் திரள்கிறது. அம்முகில் நாள்தோறும் காட்டினூடே புகுந்து செல்கிறது. மழை பெய்யாத வேளையிலும் பாசியும் பெரணியும் முகிலிலிருந்து நீரை வடித்தெடுத்துக் கீழே சொட்டவிடுகின்றன. அடிவாரத்து ஊர்களின் ஆறுகள் வறண்ட மாதங்களிலும் ஓடுவதற்கு இந்தப் பாசிக்கும் பங்குண்டு. ஈரம் மிகுந்தும் மரங்கள் ஏன் வளர்ச்சி குன்றியிருக்கின்றன என்று மாணவர் வினவக்கூடும். குளிரில் சருகு மெதுவாகவே மக்குகிறது. மண்ணில் உரம் குறைவு. முகில் மூட்டத்தால் வெயிலும் குறைவு. காற்றோ ஓயாமல் வீசுகிறது. இவை யாவும் சேர்ந்தே மரத்தைக் குட்டையாக்குகின்றன. சபா வரை செல்ல இயலாதவர்கள் கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரத்தை ஒட்டிய பாசிக்காட்டில் இத்தகைய காட்டையே காணலாம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. நீலகிரி, ஆனைமலை முதலிய தென்னிந்திய மலைகளின் மடிப்புகளில் இதுபோன்ற குட்டை மரக்காடுகள் உண்டு. அவற்றைத் தாவரவியலார் உலகெங்கும் நம் 'சோலை' என்ற சொல்லாலேயே குறிக்கின்றனர். அறிவியலுக்குத் தமிழ் வழங்கிய சொற்களுள் ஒன்று நம் பாடநூல்களில் பூந்தோட்டம் என்ற பொருளிலேயே நின்றுவிடுவது வருந்தத்தக்கது.

ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை பொதுவாக இராது. ஆனால் உச்சிப் பாதையில் ஏறத்தாழ 2,700 மீட்டரில் காலடி மண்ணே நிறம் மாறிச் செம்மஞ்சளாகிறது. அங்கே பாறையின் வகை வேறு. அம்மண்ணில் உரச்சத்து மிகக் குறைவு. நிக்கல் போன்ற உலோகங்கள் மிகுதி. பெரும்பாலான செடிகளுக்கு அது நஞ்சு. அதனைத் தாங்கவல்ல சில மரங்களே அங்கு நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் அறிவியற் பெயர், 1910இல் இம்மலையேறிய லிலியன் கிப்ஸ் என்னும் தாவரவியல் அம்மையாரை நினைவூட்டுகிறது.

உரமற்ற மண்ணில் வாழ வகைதேடிய செடிகளுள் பேர்பெற்றது குடுவைச் செடி. மலாய் மக்கள் இதனைப் 'பெரியுக் கெரா', அதாவது குரங்கின் பானை என்பர். இலையின் நுனி மூடியுடன் கூடிய குடுவையாகி, அதில் நீர் நிற்கும். பூச்சிகள் விழுந்து செடிக்கு உணவாகும். இதுவரை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. கினபாலு வட்டாரத்தில் மட்டுமே வளரும் 'ராஜா' என்னும் இனத்தின் குடுவையோ இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும். 1858இல் ஹியூ லோவுடன் வந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் அத்தகைய குடுவை ஒன்றில் மூழ்கி இறந்த எலி ஒன்றைக் கண்டதாக எழுதினார். அன்று முதல் 'எலி தின்னும் செடி' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே உண்மை வெளிப்பட்டது. அணில் போன்ற மர மூஞ்சூறு பகலிலும், மலையெலி இரவிலும் இக்குடுவையின் விளிம்பில் ஏறி அமர்கின்றன. மூடியின் உட்புறத்தில் சுரக்கும் இனிய நீரை நக்குகின்றன. நக்கும்போது அவற்றின் பின்புறம் சரியாகக் குடுவையின் வாய்க்கு மேலே அமைகிறது. எச்சம் உள்ளே விழுகிறது. அந்த எச்சமே செடிக்கு உரம். செயின்ட் ஜான் கண்ட எலி கால் தவறி விழுந்த விருந்தாளியே அன்றி இரையன்று. வகுப்பில் இதனைச் சொன்னால் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடிக்கும். ஆனால் அப்பாடம் மறக்காது.

மழை விட்டதும் பாதையில் கண் வைத்து நடப்போருக்கு இன்னொரு வியப்பும் கிட்டலாம். ஒரு முழத்திற்கும் மேல் நீளும் நீலநிற மண்புழு ஒன்று இம்மலையில் உண்டு. அதனை முழுதாக விழுங்கும் செந்நிறப் பேரட்டையும் உண்டு. இப்பேரட்டை மனித இரத்தத்தை நாடுவதில்லை. தாழ்நிலக் காட்டின் சிறு அட்டைகளுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

1961இலும் 1964இலும் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வுக்குழுக்கள் பேராசிரியர் கார்னரின் தலைமையில் இங்கு வந்தன. (போருக்கு முன் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர், உயர்ந்த மரங்களிலிருந்து பூவும் காயும் பறித்துவரப் பெரோக் குரங்குகளைப் பழக்கியவர்.) 1964இலேயே கினபாலு தேசியப் பூங்காவாயிற்று. 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. எனினும், பூங்கா என்று பெயரிட்ட அளவிலேயே காடு காக்கப்பட்டுவிடுவதில்லை. மாமுட் என்னுமிடத்தில் 1975 முதல் 1999 வரை செப்புச் சுரங்கம் இயங்கியது; அந்நிலம் பூங்காவின் எல்லையிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர்ப் பினோசுக் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியும் பால்பண்ணைக்கும் கோல்ப் திடலுக்கும் போயிற்று.

எல்லைக்குள் எஞ்சிய காட்டையும் வேறொன்று தொடுகிறது. 1965இல் ஆய்வுக்குழு ஒன்று இம்மலையின் பல்வேறு உயரங்களில் இரவில் விளக்கேற்றி அந்துப்பூச்சிகளைச் சேகரித்து, எந்த இனம் எவ்வுயரத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்தது. 42 ஆண்டுகள் கழித்து, 2007இல், வேறோர் ஆய்வுக்குழு அதே இடங்களைத் தேடிச் சென்று அதே முறையில் மீண்டும் சேகரித்தது. இரு கணக்குகளையும் ஒப்பிட்டபோது, 102 இனங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. உலகம் வெப்பமடைவதால் தமக்குரிய குளிரைத் தேடிச் சிறு பூச்சிகளும் மலையேறியிருக்கின்றன.

மேலே நகர்வதில் என்ன தீங்கு என்று தோன்றலாம். மலை கூம்பு வடிவானது. மேலே செல்லச் செல்ல இடம் குறுகும். 3,400 மீட்டருக்கு மேல் பெரும்பகுதி வெறும் கருங்கல். மிக உயரத்தில் வாழும் இனத்திற்கு அதற்கு மேல் ஏற இடமில்லை. கீழிருந்து மேலே வரவேண்டிய இனங்களுக்கோ வேறு இடர். அவை வாழ்ந்த தாழ்நிலக் காடு பூங்காவிற்கு வெளியே பெரும்பாலும் தோட்டங்களாகவும் வயல்களாகவும் மாறிவிட்டது. ஏறுவதற்கு முதற்படியே இல்லாமற் போயிற்று. ரப்பர் நிரைகளையும் செம்பனை நிரைகளையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, அந்நிரைகள் நிற்குமிடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை எடுத்துக்காட்ட இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

எனவே, மாணவருடன் செல்வோர் தங்கள் பயணத்தைக் கீழிருந்து தொடங்குவதே முறை. வெந்நீரூற்றுகள் உள்ள போரிங், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் தாழ்நிலக் காட்டில் இருக்கிறது. அதனை முதல் நாள் கண்டு, மறுநாள் தலைமையகத்தின் ஓக் காட்டிற்கு வந்தால், மாற்றம் தானே புலப்படும். விடியற்காலையில் எழுவது இன்றியமையாதது. இரவெல்லாம் எரிந்த விளக்குகளைச் சுற்றிக் கிடக்கும் அந்துப்பூச்சிகளைக் கொத்தப் பறவைகள் அந்நேரத்தில் இறங்கி வரும். காட்டினுள் ஒரு நாள் அலைந்தும் கிட்டாத காட்சி விடுதி வாயிலிலேயே கிட்டும். உரத்த பேச்சு கூடாது. பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டமும் கூடாது. உச்சிக்கு ஏற விரும்பினால் முன்னரே அனுமதி பெற வேண்டும்; ஒரு நாளில் ஏறுவோர் தொகைக்கு வரம்புண்டு; வழிகாட்டி இன்றி ஏற இயலாது.

இவ்வழிகாட்டிகள் பெரும்பாலும் மலையடிவாரத்து டூசுன் மக்கள். இறந்தோரின் ஆவி தங்குமிடம் இம்மலை என்பது அவர்தம் தொன்மையான நம்பிக்கை. மலைக்குக் கோழி பலியிட்டு வணங்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இம்மலையில் பதினெண்மர் உயிரிழந்தனர். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து வந்த மாணவரும் ஆசிரியரும் அவர்களுள் இருந்தனர், வழிகாட்டிகளும் இருந்தனர். பாறை சரியக்கூடிய மலை இது என்பதை மறந்து, இளம் பிள்ளைகளை உச்சிக்கு அழைத்துச் செல்வதை ஒரு சாதனையாகக் கருதுவது சரியன்று. காட்டைக் காண 2,000 மீட்டரே தாராளம்.

போரிங்கைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். உலகின் மிகப் பெரிய பூக்களைச் சேர்ந்த ரஃப்லேசியா அங்குள்ளோரின் சொந்த நிலங்களிலும் மலர்வதுண்டு. மொட்டு முதிரப் பல மாதங்கள் ஆகும். மலர்ந்த பூ ஒரு வாரத்திற்குள் அழுகிவிடும். பூத்த செய்தியைச் சாலையோரத்தில் பலகையில் எழுதி வைத்து, பார்க்க வருவோரிடம் சிறு கட்டணம் பெறுகிறார்கள். மொட்டைச் சுற்றி வேலி கட்டி, மரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.